வளர்க்க வருபவர்கள் எதை எதிர்பார்த்து வருகிறார்கள்? தருமபுரி, கிருஷ்ணகிரியை முன்வைத்து ஒரு விளக்கம்

பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத குழந்தையைக் குறிப்பிட்ட காலத்துக்கு வேறொரு குடும்பம் வளர்ப்பதுதான் வளர்ப்புப் பராமரிப்பு (foster care). மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024ஆம் ஆண்டு இதற்காக வெளியிட்ட மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளில் அதிகம் பேசப்பட்ட மாற்றம் இரண்டு. திருமணமாகாதவர், துணையை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் என, 35 முதல் 60 வயது வரையிலான தனிநபர்களும் குழந்தையை வளர்க்க விண்ணப்பிக்கலாம் என்பது ஒன்று. ஒரு குழந்தையைத் தம் வீட்டில் வைத்து வளர்த்துவரும் குடும்பம் அதே குழந்தையைத் தத்தெடுக்க முன்பு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்ததை இரண்டு ஆண்டுகளாகக் குறைத்தது மற்றொன்று. இரண்டாவது மாற்றம் வெறும் கால அளவைக் குறைத்தது போலத் தோன்றினாலும், வளர்ப்புப் பராமரிப்பைத் தேடி யார் வருகிறார்கள், என்ன நினைப்போடு வருகிறார்கள் என்பதையே மாற்றக்கூடியது. ஏனென்றால் ஐந்து ஆண்டுகள் என்ற நிபந்தனை இருந்தபோது இந்த வழியைத் தத்தெடுப்புக்கான குறுக்கு வழியாக யாரும் கருத இடமிருக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் என்றானதும் அந்த எண்ணம் இயல்பாகவே முளைக்கிறது.

சட்டத்தின் பார்வையில் வளர்ப்புப் பராமரிப்பும் தத்தெடுப்பும் வேறு வேறானவை. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015இன் 44ஆம் பிரிவின்படி, பெற்றோரின் நோய், சிறைவாசம், வறுமை, புறக்கணிப்பு போன்ற காரணங்களால் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு ஒரு குடும்பத்திடம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்படைக்கிறது. குழந்தையின் நலனுக்கு அது ஏற்றதல்ல என்று குழு கருதினாலொழிய, பெற்ற தாய் தகப்பன் இடையிடையே வந்து பார்க்கலாம். குழு மாதந்தோறும் வீட்டை ஆய்வு செய்ய வேண்டும். தத்துக்குரிய குழந்தை என்று குழு கருதும் எந்தக் குழந்தையையும் நீண்டகால வளர்ப்புப் பராமரிப்பில் வைக்கக்கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. அதாவது, இந்த ஏற்பாட்டுக்கு வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எங்கோ ஓர் அம்மாவோ அப்பாவோ பாட்டியோ இருப்பார்கள். அல்லது தத்தெடுக்க வந்தவர்கள் வயதையோ உடல்நிலையையோ பார்த்துத் தயங்கி விட்டுச்சென்ற பெரிய குழந்தையாக இருக்கும். கைக்குழந்தையை எதிர்பார்த்து வருபவருக்கு இங்கே இடமில்லை. ஆனால் வருபவர்களில் பலரின் மனத்தில் இருப்பது கைக்குழந்தைதான்.

அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தருமபுரி வட்டாரத்தில் ஒரு தனி வரலாறு உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் விரிவாக்கப்பட்டபோது சேர்க்கப்பட்ட மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். வளர்க்க முடியாத பெண் குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுவிடுங்கள், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்ற அறிவிப்பு இந்த வட்டாரத்தின் நினைவில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. குழந்தைகள் இல்லம் என்றதும் பிறந்து சில நாளே ஆன, பின்கதை எதுவும் இல்லாத, பெயர்கூட வைக்கப்படாத சிசு ஒன்று கண்முன் வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். திட்டத்தின் நன்மை தீமை வேறு விவாதம். அது உருவாக்கிய எதிர்பார்ப்பைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இன்று பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளின் பின்னணி அதுவல்ல. பென்னாகரம், அரூர், பாலக்கோடு, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை என்று இரு மாவட்டங்களின் மானாவாரிப் பகுதிகளிலிருந்து குடும்பத்தோடு பெங்களூருக்கும் ஓசூருக்கும் கட்டட வேலைக்கும் கல்குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் போய்வருவது பல ஆண்டுப் பழக்கம். பிள்ளை பள்ளிக்குப் போகட்டும் என்று பாட்டியிடம் விட்டுச் செல்வார்கள். பாட்டி படுக்கையில் விழுந்தாலோ, போன இடத்தில் தகப்பன் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டாலோ, அந்தப் பிள்ளைக்கு நிலையான இடம் இல்லாமல் போகும். அப்படி வரும் பிள்ளைக்கு எட்டு வயதோ பத்து வயதோ ஆகியிருக்கும். அதற்குச் சொந்த ஊர் தெரியும், அம்மாவின் முகம் தெரியும், எந்த ஊர்த் திருவிழாவில் யார் என்ன வாங்கிக்கொடுத்தார்கள் என்பதுகூட நினைவிருக்கும்.

எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்தவை. அவற்றை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது என்றாலும், அவை எதை அளந்தன என்பதைத் தெரிந்துகொள்வது பயன்தரும். அமெரிக்காவில் 1980களில் மூன்று வயதைக் கடந்த குழந்தைகளின் தத்தெடுப்பை ஆராய்ந்த ரிச்சர்ட் பார்த், மரியான் பெர்ரி ஆகியோர், பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட தத்தெடுப்புகள் முறிந்ததை, அதாவது குழந்தை அந்தக் குடும்பத்தில் நிலைக்காமல் போனதைக் கண்டனர். குழந்தையின் வயது கூடக்கூட முறிவும் கூடியது. ஏற்கெனவே அந்தக் குழந்தையை வளர்த்துவந்த குடும்பமே தத்தெடுத்தபோது முறிவு குறைந்தது. குழந்தையின் முந்தைய வாழ்க்கையைப் பற்றிப் போதிய தகவல் தரப்படாத பெற்றோரிடம் சிக்கல் அதிகம் எழுந்தது.

இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும். ஏற்கெனவே வளர்த்தவர்கள் தத்தெடுத்தால் ஏன் நிலைக்கிறது? அவர்கள் மற்றவர்களைவிட அன்பானவர்கள் என்பதால் மட்டும் அல்ல. இந்தப் பிள்ளை இரவில் எழுந்து அழும், சாப்பாட்டை அலமாரியில் ஒளித்து வைக்கும், கோபம் வந்தால் இரண்டு நாள் பேசாது என்பதெல்லாம் தெரிந்த பிறகே அவர்கள் முடிவெடுக்கிறார்கள். முடிவெடுக்கும் தருணத்தில் அவர்களின் எதிர்பார்ப்பு அந்தக் குறிப்பிட்ட பிள்ளையின் அளவுக்குத் தைக்கப்பட்டதாக ஆகிவிட்டிருக்கிறது. கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஒத்துவராத குடும்பங்கள் வளர்ப்புக் காலத்திலேயே விலகிவிட்டிருக்கும். ஆகவே தத்தெடுப்பு வரை வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணினால் நிலைத்தவர்களே அதிகம் தெரிவார்கள். முறிவு இல்லாமல் போய்விடவில்லை. தத்தெடுப்புக்கு முந்தைய கட்டத்துக்கு இடம் மாறியிருக்கிறது. இரண்டு ஆண்டு விதியை ஆதரிப்பவர்கள் இதைக் கவனிக்கத் தவறுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. வளர்ப்புப் பராமரிப்பைச் சோதனைக் காலமாக வைத்துக்கொண்டால் தத்தெடுப்புக் கணக்கு அழகாகத் தெரியும், சோதனையில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை அந்தக் கணக்கில் வராது.

பெட்ரிஷியா சேம்பர்லேன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட நுணுக்கமானது. கலிபோர்னியாவின் சான் டியாகோவில் 5 முதல் 12 வயது வரையிலான 246 குழந்தைகளை வளர்த்தவர்களிடம் தொலைபேசியில் பேசி, கடந்த 24 மணி நேரத்தில் அடம், பொய், சண்டை என்று என்னென்ன நடந்தது எனக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஆறு சிக்கல்கள் வரை வளர்த்தவர்கள் தாங்கிக்கொண்டார்கள்; ஆறைத் தாண்டியபின் கூடிய ஒவ்வொரு சிக்கலுக்கும், அடுத்த ஓராண்டுக்குள் அந்த ஏற்பாடு முறிவதற்கான வாய்ப்பு 17 சதவீதம் கூடியது. ஆறு என்ற எண்ணை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் நல்ல மனம் உள்ளவர்களுக்கும் ஓர் எல்லை இருக்கிறது, அந்த எல்லையை முன்கூட்டியே கேட்டறிய முடியும் என்பது இந்த ஆய்வின் பயன். உறவினர் வீடுகளைவிட உறவல்லாத வீடுகளில் முறிவு அதிகம் என்பதும் அதில் தெரிந்தது.

மேரி டோசியர், ஆலிவர் லிண்ட்ஹைம் ஆகியோர் அதே ஆண்டு வேறொரு கோணத்தில் பார்த்தார்கள். வளர்ப்புத் தாயிடம் இந்தக் குழந்தையைப் பற்றிப் பேசச் சொல்லி, அவர் பேச்சில் எவ்வளவு பற்று வெளிப்படுகிறது என்று மதிப்பிட்டார்கள். பற்று அதிகம் வெளிப்பட்ட வீடுகளில் குழந்தைகள் நிலைத்தார்கள். சிறு வயதிலேயே வந்து சேர்ந்த குழந்தைகளிடம் வளர்ப்பவர்களின் பற்று அதிகமாகவும், முன்பு பல குழந்தைகளை வளர்த்து அனுப்பியவர்களிடம் பற்று குறைவாகவும் இருந்தது. அனுபவம் கூடினால் நல்லது என்று பொதுவாக நினைக்கிறோம். இது எப்படியும் போய்விடும் பிள்ளை என்ற பழக்கப்பட்ட எதிர்பார்ப்பு பற்றையும் குறைத்துவிடக்கூடும் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. எனவே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் அறிவுரை சொல்லிவிட்டால் போதாது. பிள்ளையிடம் நன்றியையும் நல்ல மதிப்பெண்ணையும் எதிர்பார்ப்பது குறைய வேண்டும்; நாம் இந்தப் பிள்ளையோடு இருக்கப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பு குறையக்கூடாது. வளர்ப்புப் பராமரிப்பின் கடினமே இதில்தான் இருக்கிறது, ஏனென்றால் பிள்ளை பெற்றவர்களிடம் திரும்பிப் போகலாம் என்றும் அதே குடும்பத்துக்குச் சட்டம் சொல்கிறது.

இதைப் போலவே கனடாவின் சமூகவியலாளர் டேவிட் கிர்க் 1964இல் முன்வைத்த கருத்து இன்றும் எடுத்தாளப்படுகிறது. தத்தெடுத்த குடும்பமும் பெற்ற குடும்பமும் ஒன்றுதான், வித்தியாசமே இல்லை என்று சாதிக்கும் பெற்றோரைவிட, வித்தியாசம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு அதைப் பற்றிப் பிள்ளையோடு பேசும் பெற்றோரிடம் உறவு இயல்பாக இருக்கும் என்றார் அவர். நம் வட்டாரத்தில் இது சங்கடமான இடம். கொள்ளி வைக்கப் பிள்ளை வேண்டும், வம்சம் விளங்க வேண்டும் என்று தத்தெடுத்த பழைய வழக்கத்தில், பெரும்பாலும் பங்காளி வீட்டுப் பிள்ளையை எல்லோரும் அறியத்தான் எடுத்தார்கள். மறைப்பது பின்னால் வந்த பழக்கம். ஊரை விட்டுச் சில மாதம் போய் இருந்துவிட்டு, பெற்றுக்கொண்டு வந்தது போலக் கைக்குழந்தையோடு திரும்ப நினைக்கும் தம்பதிக்கு, பத்து வயதுப் பிள்ளை எந்த வகையிலும் பொருந்தாது. அதை மறைக்கவே முடியாது.

இந்தியாவின் கணக்கைப் பார்ப்போம். தத்தெடுப்பு முறிந்து குழந்தைகள் இல்லங்களுக்கே திருப்பி அனுப்பப்படுவது பற்றி மத்திய தத்தெடுப்பு ஆணையத்திடமிருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறப்பட்ட விவரம், 2014க்கும் 2019க்கும் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் 1,100க்கும் மேற்பட்ட குழந்தைகள் திரும்பியதைக் காட்டியது. அவர்களில் சுமார் 60 சதவீதம் பெண் குழந்தைகள் என்பதைப் பத்திரிகைகள் தலைப்பாக்கின. தத்தெடுக்கப்படுவோரிலேயே பெண் குழந்தைகள்தான் ஏறக்குறைய அந்த விகிதத்தில் இருக்கிறார்கள் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்துப் பெண் என்பதால் திருப்பினார்கள் என்று முடிவுகட்ட முடியாது. திரும்பியவர்களில் கால்வாசி அளவுக்குச் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் இருந்தார்கள் என்பதும், ஆறு வயதைக் கடந்தவர்கள் பலர் இருந்தார்கள் என்பதும்தான் நம் கேள்விக்கு அதிகம் தொடர்புடையவை.

இதன் மறுபக்கத்தில் காத்திருப்போர் வரிசை இருக்கிறது. 2022இல் குடும்ப ஆய்வு (குழந்தையை ஒப்படைக்கும் முன் விண்ணப்பித்த வீட்டை மதிப்பிடுவது) முடிந்து, தத்தெடுக்கக் காத்திருந்த பெற்றோர் சுமார் 28,000 பேர். சட்டப்படி தத்துக்குத் தகுதியானவர் என்று அறிவிக்கப்பட்டிருந்த குழந்தைகள் நான்காயிரத்துக்கும் குறைவு, அதிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறப்புத் தேவையுள்ளவர்கள். மூன்று ஆண்டுக்கு மேல் காத்திருந்து சலித்த ஒரு தம்பதியிடம், ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை வளர்ப்புப் பராமரிப்பில் எடுத்தால் இரண்டே ஆண்டில் தத்தெடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர்கள் எதைக் கேட்பார்கள்? இரண்டு ஆண்டு என்பதைக் கேட்பார்கள். பிள்ளை முதலில் சட்டப்படி தத்துக்குத் தகுதியானதாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், பெற்றவர்கள் இருந்து, உரிமையையும் விட்டுக்கொடுக்காதபோது அது எளிதில் நடக்காது, கடைசி ஆணை மாவட்ட ஆட்சியரிடமிருந்து வர வேண்டும் என்பதெல்லாம் காதில் விழாமல் போகும். பெங்களூரிலிருந்து அம்மா திரும்பி வந்து பிள்ளையைக் கேட்கும் நாளில் அவர்கள் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார்கள். தவறு அவர்களின் பேராசையில் இல்லை. தத்தெடுப்பு வரிசையிலிருந்து ஆட்களை எடுத்து வளர்ப்புப் பராமரிப்பை நிரப்பும் ஏற்பாட்டில் இருக்கிறது.

எதிர்பார்ப்பு என்பதை விண்ணப்பிப்பவரின் குணமாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவருக்குச் சொல்லப்பட்டவற்றின் விளைவாகப் பார்த்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு நடத்தும் குடும்ப ஆய்வின் முக்கியத்துவம் விளங்கும். சொந்த வீடா, வருமானம் எவ்வளவு, நோய் உண்டா, வழக்கு உண்டா என்ற கேள்விகள் தேவைதான். அவற்றோடு நின்றுவிட்டால் மேலே சொன்ன ஆய்வுகள் காட்டும் எதுவும் அந்த அறிக்கையில் பதிவாகாது. பிள்ளை உங்களை அம்மா என்று கூப்பிடவே இல்லையென்றால் என்ன செய்வீர்கள், பெற்ற தாய் மாதம் ஒருமுறை வந்து உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனால் அக்கம்பக்கத்தில் என்ன சொல்வீர்கள், எந்த நடத்தையை உங்களால் பொறுத்துக்கொள்ளவே முடியாது என்று கேட்டால் விண்ணப்பித்தவர்களில் சிலர் விலகிப் போவார்கள். விலகுபவர் அந்தக் கட்டத்திலேயே விலகுவது பிள்ளைக்கு நல்லது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் வளர்ப்புப் பராமரிப்புக்கு மாதம் 4,000 ரூபாய் தரப்படுகிறது. பணத்துக்காக வருபவர் கெட்டவர், பாசத்துக்காக வருபவர் நல்லவர் என்று பிரித்துப் பார்ப்பது எளிது, ஆனால் சரியல்ல. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களுக்குச் சம்பளம் உண்டு, பயிற்சி உண்டு, அழைத்தால் வந்து உதவும் சமூகப் பணியாளர் உண்டு. அந்தக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி, இல்லங்களிலேயே இருந்தவர்களைவிட நன்றாக இருந்தது. குறிப்பாக இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு. பணமும் துணையும் கிடைப்பது பற்றுக்குத் தடையாக இருக்கவில்லை.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒன்றைக் குடும்ப ஆய்வில் சேர்க்க வேண்டும் என்பேன். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் ஏராளம். தெலுங்கு பேசி வளர்ந்த எட்டு வயதுப் பிள்ளையை அரூர்ப் பக்கத்துத் தமிழ் வீட்டில் கொண்டுபோய் விட்டால், முதல் சில மாதங்கள் அது பேசாமலிருப்பதை வீட்டார் அடம் என்றோ மந்தம் என்றோ புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. முன்கூட்டியே சொல்லியிருந்தால் அது ஒரு சிக்கலாகவே எண்ணப்பட்டிருக்காது.

உறவினர் வளர்ப்பு பற்றிக் குறைவாகவே பேசப்படுகிறது. இந்த மாவட்டங்களில் பெற்றோர் இல்லாத பிள்ளைகளில் பலரைச் சித்தியும் பெரியம்மாவும் அத்தையும்தான் எந்த ஆணையும் இல்லாமல் வளர்க்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளையின் பின்கதை முழுவதும் தெரியும், அம்மா வந்து பார்ப்பதும் போவதும் அவர்களுக்குப் புதிதல்ல. சேம்பர்லேன் ஆய்வு உறவினர் வீடுகளில் கண்ட நிலைத்தன்மைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அவர்களின் எதிர்பார்ப்பிலும் கவனிக்க வேண்டியது உண்டு: வேலைக்கு ஓர் ஆள் ஆச்சு என்றோ, பெண்ணாக இருந்தால் சீக்கிரம் கட்டிக்கொடுத்துப் பொறுப்பைக் கழித்துவிடலாம் என்றோ நினைப்பவர்கள் அவர்களில் இல்லாமல் இல்லை, குழந்தைத் திருமணம் இன்னும் ஓயாத இந்த வட்டாரத்தில் அது சாதாரணக் கவலை அல்ல. மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு (sponsorship) பிரிவின்கீழ் அதே போல மாதம் 4,000 ரூபாயை இப்படிப்பட்ட வீடுகளுக்குத் தர வழியிருக்கிறது. அந்த உதவியோடு, பிள்ளை பள்ளியில் இருக்கிறதா என்று ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒருவர் போய்ப் பார்த்துவந்தால், யாரோ ஒரு புதிய குடும்பத்தின் எதிர்பார்ப்புக்குள் பொருந்திக்கொள்ள வேண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கையே குறையும்.